மீனைக் கேட்டுச் சொன்ன தீர்ப்பு

நான் சின்ன வயதில் மீன் வளர்த்தேன் என்று சொன்னால் நம் வயதுக்காரர்கள் முதலில் சிரிப்பீர்கள். சிரித்துக்கொள்ளுங்கள். நம் காலத்தில் மீன் என்றால் குழம்பு, மிஞ்சினால் கருவாடு. அதற்கு இரை தேடிப் போட்டு, தண்ணீர் மாற்றி, பெயர் வைத்துக் கூப்பிட்ட வீட்டை உங்களில் யார் பார்த்திருக்கப் போகிறீர்கள்? கொல்லிமலையில், வளப்பூர் நாட்டில், சாமையும் கேழ்வரகும் விளைகிற ஒரு சிற்றூரில், வெள்ளைக்காரன் ஆண்ட காலத்தில் நான் வளர்த்தேன். ஒரே ஒரு மீன், ஒரே ஒரு கோடை. அந்தக் கதையில் பாதியைத்தான் என் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறேன். மீனின் நிறம், அதன் கோபம், அது கப்பலில் வந்த கதை, அந்தப் பாதி. மிச்சத்தைச் சொல்ல ஆரம்பித்தால் பேச்சை மாற்றிவிடுவேன். உங்களிடம் சொல்லலாம். உங்களுக்கும் இப்படி ஏதாவது ஒன்று இருக்கும்.

மீனைக் கொண்டுவந்தவர் என் தாய்மாமன். நான் பிறப்பதற்கு முன்னாலேயே ஒரு கங்காணியின் பேச்சைக் கேட்டு மலையிறங்கிப் போய், மலாயாவில் ரப்பர் மரத்துக்குப் பால் வெட்டியவர். செத்துப் போனார் என்றே என் அம்மா நினைத்திருந்தாள். ஒரு தை மாதம், தலையில் தொப்பியோடு வந்து நின்றார். அப்போது மலைக்கு ரோடு கிடையாது. அடிவாரத்திலிருந்து கல்லும் வேருமாக இருந்த பாதையில் மூச்சு வாங்க ஏறவேண்டும். தகரப் பெட்டியைக் கூலிக்காரன் தலையில் ஏற்றிவிட்டு, ஒரு கண்ணாடி ஜாடியை மட்டும் நெஞ்சோடு அணைத்துத் தானே தூக்கி வந்திருந்தார்.

"அக்காளுக்குச் சேலை, மச்சானுக்குக் கத்தி. இது எம் மருமவளுக்கு," என்று ஜாடியை என் கையில் கொடுத்தார்.

உள்ளே சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு மீன். நிழலில் பார்த்தால் கருப்பு. வாசலுக்குக் கொண்டுபோனால் நாவற்பழ நீலம், வாலோரத்தில் ரத்தச் சிவப்பு. அந்த ஊரில் இதைச் சண்டை மீன் என்பார்களாம், இரண்டை ஒன்றாகப் போட்டால் ஒன்று சாகும்வரை விடாதாம். மாமன் சட்டைப் பையிலிருந்து முகம் பார்க்கும் கண்ணாடியை எடுத்து ஜாடியின் பக்கத்தில் வைத்தார். மீன் செவுளை விரித்து, வாலை விசிறியாக்கி, தன் உருவத்தையே முட்ட வந்தது. நான் கை கொட்டினேன். அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "இது உங்கப்பனும் பெரியப்பனுமாட்டம் இருக்குது," என்றாள். அப்பா பக்கத்தில் இருந்ததைக் கவனிக்காமல் சொல்லிவிட்டாள். அவர் எழுந்து வெளியே போய்விட்டார்.

அப்பாவும் பெரியப்பாவும் கூடப்பிறந்தவர்கள். பக்கத்துப் பக்கத்து வீடு. எல்லையில் நின்ற பலாமரம் யாருடையது என்பதில் முந்தின வருஷம் தொடங்கிய தகராறு, பேச்சு முறிவில் வந்து நின்றிருந்தது. பெரியவர்கள் பேசாவிட்டாலும் நான் பெரியம்மாவிடம் போவேன். அவளுக்கு வெகுகாலம் கழித்துப் பிறந்த பெண்குழந்தை அப்போதுதான் தவழத் தொடங்கியிருந்தது. அதன் தொடை மடிப்பில் ஒட்டியிருக்கும் புழுதியைத் துடைத்துவிடுவது எனக்குப் பெரிய வேலை. எங்கள் இரண்டு வீட்டுக்கும், ஊரின் மற்ற வீடுகளுக்கும் கோடையில் ஒரே ஒரு ஊற்று. பாறை இடுக்கில் கசிந்து ஒரு குழியில் தேங்கும். எங்கள் வாசலைத் தாண்டித்தான் அதற்குப் பாதை.

மாமன் சில நாள் இருந்தார். பிறகு சேலத்தில் வேலை தேடப் போவதாகச் சொல்லிக் கிளம்பினார். "நான் வார வரைக்கும் மீனைப் பாத்துக்க கண்ணு. தண்ணிய அப்பப்ப மாத்து. மேல மூடிய இறுக்கிராத, செத்துப் போயிரும்," என்றார். ஏன் சாகும் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

மீனுக்குத் துரை என்று பெயர் வைத்தேன். யாரையும் மதிக்காத பார்வை, பட்டு உடுப்பு, வேலை ஒன்றும் கிடையாது. வேறு என்ன பெயர் பொருந்தும்? காலையில் எழுந்ததும் பாறைக் குழிகளில் தேங்கிய தண்ணீரில் நெளியும் கொசுப்புழுவைச் சிரட்டையில் அள்ளி வருவேன். துரை ஒன்றொன்றாகக் கொத்தி விழுங்குவார். பிறகு மேலே வந்து, வாயை லேசாகத் திறந்து ஒரு மிடறு காற்றை வாங்கிக்கொண்டு கீழே போவார். கொஞ்ச நேரத்தில் மறுபடி வருவார். சில நாள் தண்ணீரின் மேல் ஓரமாகச் சின்னச் சின்ன நுரைக் குமிழிகளை ஊதி அடுக்கிவைப்பார். துரை வாய் கொப்பளிக்கிறார் என்று நான் அம்மாவிடம் சொல்வேன். அவளுக்கு இதையெல்லாம் பார்க்க நேரமில்லை. ஜாடி இருந்த பக்கம் வீட்டில் வேறு யாரும் திரும்பிப் பார்த்ததில்லை.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். கோடையில் ஓடை வற்றி மடுமடுவாக நிற்கும்போது எங்கள் ஊரில் மருக்காரைக் காயை இடித்து மடுவில் கலக்குவார்கள். தண்ணீர் சோப்புப் போட்டதுபோல நுரைக்கும். சற்று நேரத்தில் மீன்களெல்லாம் மயங்கி மேலே வந்து வாயைப் பிளக்கும். பிள்ளைகள் கூடையோடு இறங்கி அள்ளுவோம். எந்த மடுவுக்கு எவ்வளவு காய் என்பதில் பெரியம்மாவுக்குக் கைக்கணக்கு உண்டு. ஊரே அவளைத்தான் இடிக்கச் சொல்லும். ஆகவே, மீன் மேலே வந்து வாயைத் திறந்தால், தண்ணீரில் நுரை நின்றால், என்ன அர்த்தம் என்பது மலையில் பிறந்த எந்தப் பிள்ளைக்கும் தெரியும். தண்ணீரில் காய் விழுந்திருக்கிறது. அதற்கு வேறு அர்த்தம் இருக்கலாம் என்று நினைக்க எங்களில் யாருக்கும் அதுவரை அவசியம் வந்ததில்லை.

அந்த வருஷம் கோடை மழை பெய்யவில்லை. மிளகுக் கொடி காம்போடு காய்ந்தது. ஊற்றில் குடம் நிறைய வெகுநேரம் காத்திருக்க வேண்டியிருந்தது. காத்திருக்கும் பெண்களுக்குள் முன்பெல்லாம் சிரிப்பும் கேலியுமாக இருக்கும். அந்தக் கோடையில் குடத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா நின்றார்கள். அப்போதுதான் என் தம்பிக்குக் காய்ச்சல் வந்தது. ஒருநாள் நடுக்கி எடுக்கும், மறுநாள் எழுந்து விளையாடுவான், அடுத்த நாள் மறுபடி பல் கிட்டும். இருக்கிற கம்பளியையெல்லாம் போட்டு மூடினாலும் நடுக்கம் நிற்காது. பூசாரி வந்து கயிறு கட்டினார். கயிறு கட்டிய மறுநாள் காய்ச்சல் இல்லை, அம்மா சந்தோஷப்பட்டாள். அதற்கு மறுநாள் வந்தது.

தம்பியின் பக்கத்திலேயே அப்பா உட்கார்ந்திருந்தார். காட்டுக்குப் போகவில்லை. பார்ப்பதற்கு வேறொன்றும் இல்லாமல் அவர் கண் ஜாடியின் மேல் போயிற்று. நான் வாசலில் புழுவோடு வந்தபோது அவர் ஜாடியின் முன்னால் குத்தவைத்திருந்தார். துரை மேலே வந்தார், வாயைத் திறந்தார், கீழே போனார். ஓரத்தில் நுரை நின்றது.

"எத்தன நாளா இது இப்படி வாயப் பொளக்குது?"

"வந்ததுல இருந்தே அப்படித்தானுங்க அப்பா."

அவர் முகம் மாறியது. மீன் வந்ததிலிருந்து என்றால், நம் ஊற்றுத் தண்ணீரை ஜாடியில் ஊற்றியதிலிருந்து. அப்படித்தான் அவர் அதை எடுத்துக்கொண்டார். நான் நிஜத்தைத்தான் சொன்னேன். அது அவர் மனதில் ஏற்கனவே வெட்டிவைத்திருந்த வாய்க்காலில் ஓடிவிட்டது. "ஏனுங்க, என்னங்க?" என்று அம்மா கேட்டாள். அவர் தம்பியைப் பார்த்தார். பிறகு பெரியப்பா வீட்டுப் பக்கம் பார்த்தார்.

ஊர்க்கவுண்டர் நல்ல மனுஷர், நியாயமானவர். அதை இன்றைக்கும் சொல்வேன். அவசரப்பட்டு யாரையும் குற்றம் சொல்லவில்லை. புதுப் பானை ஒன்றை எடுத்துக்கொண்டு, வேறு யார் கையும் படாமல், தானே ஊற்றுக்குப் போய்த் தண்ணீர் மொண்டு வந்தார். ஜாடியிலிருந்த பழைய தண்ணீரைக் கொட்டிவிட்டு அதை ஊற்றினார். ஊர் ஆண்களெல்லாம் பலாமரத்தடியில் ஜாடியைச் சுற்றிக் குந்தினார்கள். பெண்கள் தள்ளி நின்றோம். பெரியப்பா கையைக் கட்டிக்கொண்டு தனியே நின்றார். பெரியம்மா குழந்தையை இடுப்பில் வைத்திருந்தாள். அது ஜாடியைப் பார்த்துக் கையை நீட்டி நீட்டிச் சிரித்தது.

துரை முதலில் அடியில் கிடந்தார். பிறகு அவர் மெல்ல மேலே வந்தார். வாயைத் திறந்தார்.

ஒரு கிழவர் "ஆத்தா!" என்றார். மீன் இன்னொரு முறை மேலே வந்தது. இன்னொரு முறை. ஒவ்வொரு முறையும் கூட்டத்தில் ஒரு பெருமூச்சு. வேறு ஊற்றுத் தண்ணீரை ஊற்றிப் பார்ப்போம் என்று அவ்வளவு பேரில் ஒருவருக்குக்கூடத் தோன்றவில்லை. மீனைப் பற்றி எல்லாம் தெரிந்தவர்கள் அல்லவா!

பெரியம்மா முன்னால் வந்தாள். "ஏனுங்க கவுண்டரே, அந்த ஊத்துத் தண்ணியத்தானுங்களே எம்புள்ளைக்கும் ஊத்தறேன்? நானே காயப் போட்டு நானே எம்புள்ளைக்குக் குடுப்பனுங்களா?"

அது சரியான கேள்வி. கவுண்டர் கூடக் கொஞ்சம் தயங்கினார். பிறகு சொன்னார்: "மனுசன் பொய் சொல்லுவான்மா. மீனுக்கு யாருகூடப் பகை? அது யாருக்குப் பரிஞ்சு பொய் சொல்லப் போவுது?"

நான் கத்திவிட்டேன். "அது எந்தத் தண்ணீலயும் அப்படித்தானுங்க செய்யும்! மாமன் கொண்டாந்த அன்னிக்கே செஞ்சுதுங்க!"

அம்மாவின் கை என் வாயைப் பொத்தியது. பெரியம்மா திரும்பிப் பார்த்து, "அந்தப் புள்ள சொல்றதக் கேளுங்க சாமி," என்றாள். யாரும் கேட்கவில்லை. பொத்திய கையில் வெங்காய வாசனை அடித்தது.

ஊற்றுக்குப் போகும் வழியில் பெரியப்பா வீட்டுப் பக்கம் முள் வெட்டிப் போட்டார்கள். சுற்றுப்பட்டு ஊர்ப் பெரியவர்களும் வந்து கூடும் அடுத்த ஊர்க்கூட்டம் வரை அவர்கள் ஊற்றைத் தொடக்கூடாது. அவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கிறவர்களுக்கும் அதே கட்டு. குழியை இறைத்துக் கழுவி, பூசாரி மஞ்சள் தண்ணீர் தெளித்தார். பெரியம்மா கீழே பள்ளத்துக்குப் போகத் தொடங்கினாள். அங்கே மாடுகள் இறங்கிக் கலக்குகிற ஒரு குட்டை இருந்தது. சேலைத் தலைப்பில் வடிகட்டி எடுத்து வருவாள். குடத்தோடு மேடேறும்போது எங்கள் வீட்டைப் பார்க்கமாட்டாள்.

தம்பிக்குக் காய்ச்சல் நிற்கவில்லை. துரையும் மேலே வருவதை நிறுத்தவில்லை. அப்பா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "வெசம் பாறைக்குள்ள எறங்கியிருக்குது," என்றார். எனக்குத் துரையைப் பார்க்கவே பிடிக்காமல் போனது. கொஞ்ச நேரம் மேலே வராமல் இரேன் என்று ஜாடியின் பக்கத்தில் உட்கார்ந்து கெஞ்சியிருக்கிறேன். பிறகு புழு அள்ளப் போவேன். பசியோடு எப்படி விடுவது?

பெரியம்மாவின் குழந்தைக்கு வயிறு போகத் தொடங்கியது. வேலிக்கு இந்தப் பக்கம் நின்றால் அதன் அழுகை கேட்கும். முதலில் வீறிட்டு அழுதது, பிறகு பூனைக்குட்டி மாதிரி. நான் சுரைக்குடுக்கையில் ஊற்றுத் தண்ணீரை நிரப்பிக்கொண்டு பலாமரத்துப் பின்னால் நுழைந்து போனேன். பெரியம்மா என்னைப் பார்த்தாள், குடுக்கையைப் பார்த்தாள். வாங்கிக் குழந்தையின் வாயில் கொஞ்சம் கொஞ்சமாக விட்டாள். அது கண்ணை மூடிக்கொண்டு குடித்தது. குடுக்கையைத் திருப்பிக் கொடுக்கும்போது என் தலையைத் தடவி, "இனிமே வராத கண்ணு. உன்னயும் சேத்துக் கட்டிருவாங்க," என்றாள். மறுநாள் நான் போனபோது பலாமரத்தடியில் அப்பா உட்கார்ந்திருந்தார். அவர் அடிக்கவில்லை. குடுக்கையை வாங்கிக் கவிழ்த்துவிட்டு, வெறுங்குடுக்கையாகத் திருப்பிக் கொடுத்தார்.

அந்தச் சமயத்தில்தான் மாமன் வந்தார். சேலத்தில் மில் வேலை கிடைத்திருந்தது. சோளக்காட்டுச் சந்தையில் வாங்கிய ஆரஞ்சுப் பழமும் கையுமாக வந்தவர், தம்பியைத் தொட்டுப் பார்த்தார். "இது தண்ணிக் காய்ச்ச இல்லக்கா, கொசுக் காய்ச்ச. தோட்டத்துல எனக்கே வந்துருக்குது," என்று பெட்டியிலிருந்து கொயினா மாத்திரையை எடுத்துக் கொடுத்தார். பிறகுதான் அம்மா மெல்ல நடந்ததைச் சொன்னாள். மாமன் முதலில் சிரித்தார். அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

பள்ளத்துக் குட்டைத் தண்ணீர் ஒரு சட்டியில், எங்கள் குடத்துத் தண்ணீர் ஒரு சட்டியில், பக்கத்து ஊர் ஊற்றிலிருந்து தானே போய்க் கொண்டுவந்தது ஒரு சட்டியில். துரையை ஒவ்வொன்றிலும் விட்டு அப்பாவுக்குக் காட்டினார். எல்லாவற்றிலும் அது மேலே வந்து காற்றை வாங்கியது.

"இந்த மீனுக்கு மூச்சே மேலதான் மச்சான். நம்மளாட்டம். தண்ணிக்குள்ளயே இருந்தா செத்துரும். நுரை ஊதறது முட்டைக்குக் கூடு. இத நம்பியா கைக்கொழந்த இருக்கற ஊட்டுக்குத் தண்ணிய நிறுத்துனீங்க?"

அப்பா சட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. புரியாத ஆள் இல்லை அவர். "கூட்டம் கூடட்டும் மாப்ளே. முறையாச் சொல்லிக்கலாம்," என்றார்.

"அதுக்குள்ள கொழந்தைக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா?"

"நாலு நாள்ல ஒண்ணும் ஆயிராது."

இப்போது எனக்குத் தெரிகிறது. உடனே சொல்லியிருந்தால் அண்ணன் காலில் ஊர்பார்க்க விழவேண்டும். பலாமரமும் போகும். நாலு நாள் கழித்து, கூட்டத்தில், பத்து விஷயத்தோடு ஒரு விஷயமாகச் சொன்னால் கொஞ்சம் மரியாதை மிஞ்சும். அவ்வளவுதான் அவர் கணக்குப் போட்டது. கெட்டவர் இல்லை. அதுதான் எனக்கு ஆறாத வருத்தம்.

மாமன் பொறுக்கவில்லை. குடத்தில் ஊற்றுத் தண்ணீர் எடுத்துக்கொண்டு முள்ளைத் தாண்டிப் பெரியப்பா வீட்டுக்கே போனார். பெரியப்பா வாசலிலேயே மறித்தார். "ஊரு குடுக்காத தண்ணியத் திருட்டுத்தனமா வாங்குனா, காயப் போட்டவங்க நாங்கதான்னு ஒத்துக்கிட்டதாயிரும். ஊரே வந்து முள்ள எடுக்கட்டும்," என்றார். உள்ளேயிருந்து பெரியம்மா, "வாங்கிக்குங்க, என்னுங்க, வாங்கிக்குங்க," என்று கெஞ்சியது வெளியே கேட்டது. அவர் வாங்கவில்லை. அண்ணனும் தம்பியும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள் என்பதில் யாருக்கும் சந்தேகமே வேண்டாம்.

மாமன் கவுண்டரிடம் ஓடினார். கவுண்டர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாராம். "ஊரு கூடிக் கட்டுனத நான் ஒருத்தன் அவுக்க முடியாது தம்பி. ஆளனுப்பறேன், கூட்டத்த முன்னாடியே கூட்டலாம். அந்த மீன மட்டும் ஊட்டுல வெக்க வேணாம்னு சொல்லு. நம்ம வாயால பொய்த் தீர்ப்பு சொல்ல வெச்ச சீவன் அது," என்றாராம்.

அதை மட்டும் அப்பா உடனே செய்தார். ஜாடியை எடுத்துப் போய் வாசலுக்கு வெளியே பாதையில் கவிழ்த்தார். தண்ணீரை மண் குடித்துவிட்டது. மற்ற மீனாக இருந்தால் சட்டென்று அடங்கியிருக்கும். இது காற்றை வாங்கத் தெரிந்த மீன். புழுதி அப்பிக்கொண்ட உடம்போடு வாயைத் திறந்து திறந்து வெகுநேரம் கிடந்தது. நான் அள்ளப் போனேன். அப்பா என் தோளைப் பிடித்துக்கொண்டார். அவர் பிடி வலித்தது. நீலம் எல்லாம் போய்ச் சாம்பல் நிறமான பிறகுதான் விட்டார்.

ஆள் போய், மற்ற ஊர்ப் பெரியவர்கள் வந்து, கூட்டம் கூடுவதற்குள் பெரியம்மாவின் குழந்தை போய்விட்டது. காலையில் அழுகைச் சத்தம் கேட்கவில்லையே, தேறிவிட்டதாக்கும் என்று நான் சந்தோஷப்பட்டேன். பெரியப்பா ஒரு துணிப் பொட்டலத்தை மார்போடு அணைத்துக் கொண்டு மேட்டுப் பக்கம் நடந்தார். மண்வெட்டியை எடுத்துக்கொண்டு மாமன் பின்னால் போனார். அப்பா வாசல்வரை வந்தார். அதற்கு மேல் போகவில்லை.

பிறகு கூட்டம் கூடியது. அப்பா எல்லார் முன்னாலும் விழுந்து கும்பிட்டார். பெரியப்பா காலை விலக்கிக்கொண்டார். பலாமரத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. கவுண்டர் தன் கையாலேயே முள்ளை அகற்றினார். கையெல்லாம் கீறி ரத்தம் வந்தது, யாரையும் உதவிக்கு விடவில்லை.

மறுநாள் காலை பெரியம்மா குடத்தோடு வந்தாள். தம்பிக்குக் காய்ச்சல் அறவே நின்று பசியெடுத்திருந்தது. அம்மா அவனை இடுப்பில் வைத்து வாசலில் நின்று கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். பெரியம்மா வருவதைப் பார்த்து உள்ளே போய்விடத் திரும்பினாள். அதற்குள் பெரியம்மா பக்கத்தில் வந்து நின்றுவிட்டாள்.

"தம்பிக்குக் காய்ச்ச உட்டிருச்சா?"

அம்மா தலையை ஆட்டினாள். பெரியம்மா கையை நீட்டித் தம்பியின் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தாள். பிறகு கழுத்தில் வைத்துப் பார்த்தாள்.

"ஆமா, குளுந்துதான் இருக்குது," என்றாள்.

குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு ஊற்றுக்குப் போனாள். அப்பா உள்ளே இருட்டில் சுவரோடு ஒண்டி உட்கார்ந்திருந்தார். குடம் நிறைந்து அவள் திரும்பி, எங்கள் வாசலைக் கடந்து போகும்வரை அவர் வெளியே வரவில்லை.